டெண்டர் மேசையில் உட்காரத் தகுதி என்ன?

2016 மார்ச் 31 அன்று நண்பகல் கடந்த சிறிது நேரத்தில், வடக்குக் கொல்கத்தாவின் கணேஷ் டாக்கீஸ் சந்திப்பில், கட்டி முடியாத விவேகானந்தா சாலை மேம்பாலத்தின் ஒரு பகுதி அப்படியே கீழே விழுந்தது. போஸ்தா மொத்தச் சந்தைக்குப் பக்கத்தில், எந்நேரமும் நெரிசல் குறையாத இடம் அது. பாலத்தின் கீழே போய்க்கொண்டிருந்த வண்டிகளும் தெருவோரக் கடைகளும் இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் அடியில் சிக்கின. குறைந்தது 26 பேர் இறந்தார்கள். முந்தின இரவுதான் அந்தப் பகுதியில் கான்கிரீட் போட்டிருந்தார்கள். ஒப்பந்தம் எடுத்திருந்த ஐதராபாத் நிறுவனமான ஐவிஆர்சிஎல்லின் அதிகாரி ஒருவர் இதைக் கடவுளின் செயல் என்று சொல்லப்போக, நாடே கொதித்தது.

மேற்கு வங்கத்தில் அது சட்டமன்றத் தேர்தல் நேரம். இடது முன்னணி ஆட்சியில் கொடுத்த ஒப்பந்தம் என்று ஆளுங்கட்சி சொன்னது. ஐந்து ஆண்டுகளாக மேற்பார்வை பார்த்தது நீங்கள்தானே என்று எதிர்க்கட்சிகள் திருப்பிக் கேட்டன. கைதுகள் நடந்தன, விசாரணைக் குழு அமைந்தது, வடிவமைப்பிலும் பொருள்களின் தரத்திலும் மேற்பார்வையிலும் குறைகள் பேசப்பட்டன. எல்லாமே கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் அன்றும் சரி, பிறகும் சரி, யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அந்த ஒப்பந்தப்புள்ளிகளைப் பிரித்து, படித்து, இவருக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த வேலையை யார், எங்கே, எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தார்கள்?

பேருந்து ஓட்டுவதற்கு உரிமம் வேண்டும். ஊசி போடுவதற்குச் சான்றிதழ் வேண்டும். 164 கோடி ரூபாய் மதிப்பில், மக்கள் தலைக்கு மேலே போகும் ஒரு பாலத்தைக் கட்ட யார் தகுதியானவர் என்று முடிவுசெய்வதற்கு மட்டும் நம் நாட்டில் எந்தச் சான்றிதழும் வேண்டாம். அந்தப் பதவியில் அன்றைக்கு இருந்தால் போதும்.

இது கொல்கத்தாவின் குறை மட்டுமல்ல. இருந்தாலும் இதைப் பேசக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ராட்சத எந்திரங்கள் வாங்கும் கோல் இந்தியாவின் தலைமையகம் அங்கேதான். கிழக்கு ரயில்வே, தென்கிழக்கு ரயில்வே இரண்டுக்கும் தலைமையகம் அங்கேதான். கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளம், துறைமுகம், 2021 வரை படைக்கலத் தொழிற்சாலைகளின் வாரியம் எல்லாம் அங்கேதான். அரசு வாங்கும் பொருளைச் சோதித்துத் தரம் சொல்வதற்காக 1912இல் தொடங்கிய தேசியச் சோதனைக் கூடமும் கொல்கத்தாவின் அலிப்பூரில் வேரூன்றிய நிறுவனம்தான்.

இன்னும் பின்னே போனால், இந்தியாவின் முதல் பெரிய டெண்டர் விவகாரமே கல்கத்தாவில் பிறந்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒப்பந்தங்களை விளம்பரம் செய்து, போட்டி வைத்துக் கொடுக்கவேண்டும் என்பது லண்டன் இயக்குநர்களின் உத்தரவு. 1781இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அபின் ஒப்பந்தத்தைப் போட்டியே இல்லாமல் ஸ்டீபன் சலிவன் என்ற இளைஞருக்குக் கொடுத்தார். அவர் கம்பெனியின் செல்வாக்குள்ள இயக்குநர் ஒருவரின் மகன். அபின் வியாபாரத்தை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தை 40,000 பவுண்டுக்கு வேறொருவருக்கு விற்றார், வாங்கியவரும் லாபத்துக்குக் கைமாற்றினார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் தொடுத்த குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. 1788இல் தொடங்கிய விசாரணை 1795இல் ஹேஸ்டிங்ஸின் விடுதலையில் முடிந்தது. எடுத்தவர் செய்யாமல் உள்ஒப்பந்தத்துக்கு விடும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

டெண்டர் மேசையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இரண்டு உறை முறையில் முதலில் தொழில்நுட்ப உறை பிரிக்கப்படும். முன்வைப்புத் தொகை கட்டியிருக்கிறாரா, வருமான வரிச் சான்று இருக்கிறதா, இதே மாதிரி வேலை செய்த அனுபவம் உண்டா என்று ஒரு பட்டியலை வைத்து டிக் அடிப்பார்கள். அனுபவத்துக்கு அளவுகோல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் அனுப்பிய சுற்றறிக்கையில் இருக்கிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் மதிப்பீட்டுத் தொகையில் 40 சதவீத அளவுக்கு மூன்று வேலைகள், அல்லது 50 சதவீத அளவுக்கு இரண்டு, அல்லது 80 சதவீத அளவுக்கு ஒன்று செய்திருக்கவேண்டும். சராசரி ஆண்டு விற்றுமுதல் மதிப்பீட்டுத் தொகையில் 30 சதவீதமாவது இருக்கவேண்டும். இந்த நான்கு எண்களும் நாடு முழுக்க டெண்டர் ஆவணங்களில் அப்படியே ஒட்டப்படுகின்றன. பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கும் அதேதான், நெரிசலான வீதிக்கு மேலே எஃகுத் தூண்களில் நிற்கும் மேம்பாலத்துக்கும் அதேதான்.

பிறகு விலை உறை. மிகக் குறைந்த விலை சொன்னவர் எல்1. ஒப்பீட்டு அட்டவணை தயார், குழு கையெழுத்து போடும், வேலை முடிந்தது.

இதே அட்டவணையைப் பயிற்சி பெற்ற ஒருவர் வேறு மாதிரி படிப்பார். ஒரு பாலத்துக்கு நாற்பது இனங்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்த விலையில் ஒருவர் மலிவாக இருக்கிறார். ஆனால் மண் தோண்டுவது, பைல் இறக்குவது போன்ற தொடக்க வேலைகளுக்குச் சந்தை விலையைவிட மிக அதிகமாகவும், கடைசியில் வரும் தளம், கைப்பிடிச் சுவர், சாலைப் பூச்சுக்கு மிகக் குறைவாகவும் போட்டிருக்கிறார். இதன் பொருள் என்ன? முதல் ஆண்டிலேயே பணத்தின் பெரும்பகுதி அவர் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வேலையைத் தொடர அவருக்கு ஊக்கமே இருக்காது. பாதியில் நிற்கும் பாலங்கள் பலவற்றின் விதை இந்த அட்டவணைக்குள்தான் கிடக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. மூன்று பேர் போட்டி போட்டதாகக் கோப்பு சொல்லும். மூவரின் விண்ணப்பங்களும் ஒரே கணினி முகவரியிலிருந்து பதிவேறியிருக்கும், வரைவோலைகள் ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்த எண்களில் எடுக்கப்பட்டிருக்கும், ஒரே எழுத்துப்பிழை மூன்று கடிதங்களிலும் இருக்கும். தணிக்கைக்காரர்கள் இதைப் பல ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடித்து அறிக்கையில் எழுதுகிறார்கள். டெண்டர் பிரித்த அன்றே கண்ணில் பட்டிருக்கவேண்டியது இது. எதைத் தேடவேண்டும் என்று தெரிந்த கண்ணுக்குத்தான் படும்.

விவேகானந்தா சாலைப் பாலம் இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. நேரு நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தின் கீழ் கொல்கத்தா பெருநகர வளர்ச்சி ஆணையம் எடுத்த வேலை அது. சுமார் 2.2 கிலோமீட்டர் நீளப் பாலம். 2009இல் தொடங்கியது, காலக்கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. ஒப்பந்த நிறுவனம் தொடக்கத்தில் பெயர் பெற்ற பெரிய நிறுவனம்தான். இடையில் கடனில் மூழ்கி, வங்கிகள் கடனை மறுசீரமைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. 2018இல் திவால் நடவடிக்கைக்கே போனது. ஆளைத் தேர்ந்தெடுப்பது டெண்டர் பிரித்த நாளோடு முடிந்துவிடுகிற வேலை அல்ல. தேர்ந்தெடுத்த நாளில் தகுதியோடு இருந்தவர் ஏழாம் ஆண்டிலும் அதே தகுதியோடு இருக்கிறாரா, அவரது பணப்புழக்கம் எப்படி இருக்கிறது, எஃகு வாங்கக் காசு இருக்கிறதா, வேலையை யாரிடம் உள்குத்தகைக்கு விட்டிருக்கிறார் என்பதெல்லாம் தொடர்ந்து பார்க்கவேண்டியவை. எப்போது ஒப்பந்தத்தை முறிக்கவேண்டும், முறித்தால் மீதி வேலைக்கு எப்படி ஆள் பிடிப்பது, உத்தரவாதத் தொகையை எப்படி எடுப்பது என்பது தனிக் கலை. அது தெரியாத அலுவலகம் செய்யும் ஒரே காரியம் காலக்கெடுவை நீட்டித்துக்கொண்டே போவதுதான். கணேஷ் டாக்கீஸ் மூலையில் விழாமல் மிச்சம் நின்ற பகுதியை இடிக்கும் வேலையே 2021இல்தான் தொடங்கியது.

அந்தப் பாலம் விழுந்து சுமார் இரண்டரை ஆண்டு கழித்து, 2018 செப்டம்பர் 4 மாலை, தெற்குக் கொல்கத்தாவில் மாஜெர்ஹாட் பாலம் உடைந்தது. டயமண்ட் ஹார்பர் சாலையை ரயில் பாதைக்கு மேலே கொண்டுபோகும் அரை நூற்றாண்டு பழைய பாலம். மூன்று பேர் இறந்தார்கள். இங்கே பிரச்சினை தலைகீழ். தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதல்ல, யாரையும் தேர்ந்தெடுத்து முடிக்கவில்லை என்பதுதான். பாலம் பலவீனமாக இருக்கிறது, பழுதுபார்க்கவேண்டும் என்பது பொதுப்பணித் துறைக்கு முன்பே தெரியும். டெண்டர் நடைமுறையிலும் நிதி ஒப்புதலிலும் கோப்பு இழுத்துக்கொண்டிருந்தபோதே பாலம் போய்விட்டது. பொதுப்பணித் துறை பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று முதலமைச்சரே சொன்னார். 2020 டிசம்பரில் அதே இடத்தில் ஜெய்ஹிந்த் பாலம் என்ற பெயரில் புதுப் பாலம் திறக்கப்பட்டது. அதாவது, உயிர்கள் போன பிறகு வேகமாக முடிவெடுக்க முடிந்திருக்கிறது.

கோப்பு ஏன் இழுக்கிறது? ஊழல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நமக்குப் பழக்கம். ஊழல் இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் நேர்மையான அதிகாரியைக் கட்டிப்போடுவது பயம். ஒரே ஆள்தான் டெண்டர் போட்டிருக்கிறார், அவருக்குக் கொடுக்கலாமா? விதிகளின்படி, போதிய விளம்பரம் செய்து, நிபந்தனைகள் நியாயமாக இருந்து, விலையும் சரியாக இருந்தால் கொடுக்கலாம். ஆனால் விஜிலென்ஸ் கேட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் மறுடெண்டர் விடுவார்கள். எல்1 சொன்ன விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருக்கிறது, நிராகரிக்கலாமா? விளக்கம் கேட்டு, விலைப் பகுப்பாய்வு வாங்கி, திருப்தி இல்லாவிட்டால் நிராகரிக்க வழி இருக்கிறது. ஆனால் மலிவானவரை விட்டு விலை கூடியவருக்குக் கொடுத்ததாகத் தணிக்கையில் வரும் என்று அவருக்கே கொடுத்துவிடுவார்கள். பாலம் விழுந்தால் பழி பலருக்குப் பிரியும். எல்1-ஐ விட்டால் பழி ஒருவர் தலையில்தான் விழும். இந்தக் கணக்குத்தான் நம் ஊர் டெண்டர் மேசைகளை ஆள்கிறது.

சட்டம் இதை உணராமல் இல்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தில், பொதுநலன் இன்றி யாருக்கேனும் ஆதாயம் கிடைக்கச் செய்தாலே குற்றம், கெட்ட எண்ணம் இருந்ததா என்று பார்க்கவேண்டியதில்லை என்ற பிரிவு 2018இல் நீக்கப்பட்டது. 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை, விலையை மட்டுமே பார்ப்பதன் குறைகளை ஒப்புக்கொண்டு, தேவைப்படும் பணிகளில் தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் கொடுத்து ஆளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. நல்ல முடிவு. ஆனால் மதிப்பெண் போடுவது டிக் அடிப்பதைவிட நூறு மடங்கு கடினமான வேலை. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை டெண்டர் விடும்போதே எழுதிவைக்கவேண்டும். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் காரணம் எழுதவேண்டும். அந்தக் காரணம் பத்து ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் நிற்கவேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் அதிகாரத்தை மட்டும் கையில் கொடுத்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். நேர்மையானவர் அதைத் தொடவே மாட்டார். நேர்மையற்றவர் வேண்டியவருக்கு மதிப்பெண்ணை அள்ளிப்போடுவார்.

பயிற்சியே இல்லை என்று சொல்லவில்லை. ஃபரிதாபாத்தில் தேசிய நிதி மேலாண்மை நிறுவனம் பயிற்சி நடத்துகிறது. ஐதராபாத்தின் நிர்வாகப் பணியாளர் கல்லூரி நடத்துகிறது. அரசு ஊழியர்களுக்கான கர்மயோகி இணையதளத்தில் பாடங்கள் இருக்கின்றன. சால்ட் லேக்கில் மேற்கு வங்க அரசின் நிர்வாகப் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆனால் இவை பெரும்பாலும் சில நாள் வகுப்புகள், விருப்பமுள்ளவர் போகலாம். போய்விட்டு வந்தவர் அடுத்த மாதமே வேறு துறைக்கு மாற்றப்பட்டால் கேட்க ஆளில்லை. கற்றுக்கொடுப்பதும் பெரும்பாலும் விதிகளை. விதிகளைப் படிக்கப் புத்தகம் போதும். தீர்மானிக்கும் திறன் உண்மையான கோப்புகளைப் பிரித்துப் பார்த்து, தப்பாகத் தீர்மானித்து, ஏன் தப்பு என்று மூத்தவர் ஒருவர் உட்கார்ந்து சொன்னால்தான் வரும்.

இதில் ஒரு பெரிய முரண் இருக்கிறது. கொள்முதல் என்பது ஊழலுக்கு வாய்ப்புள்ள பதவி என்பதால் அங்கே யாரையும் மூன்று ஆண்டுக்கு மேல் வைக்காதே என்கிறது கண்காணிப்பு ஆணையத்தின் சுழற்சி விதி. காரணம் நியாயமானது. விளைவைப் பாருங்கள். ஒருவர் முதலாண்டில் வேலை பழகுகிறார், இரண்டாம் ஆண்டில் கொஞ்சம் பிடிபடுகிறது, மூன்றாம் ஆண்டில் கிளம்பிவிடுகிறார். எதிர்ப்பக்கத்தில் டெண்டர் போடும் ஒப்பந்ததாரருக்கு முப்பது வருட அனுபவம். அவரது எழுத்தருக்குக்கூட எந்த நிபந்தனையில் எந்த ஓட்டை என்று மனப்பாடம். கற்றுக்குட்டிகளையும் கரைகண்டவர்களையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார வைத்திருக்கிறோம்.

கொள்முதலையே தொழிலாகக் கொண்ட அதிகாரிகள் நம்மிடம் இல்லாமலும் இல்லை. மத்திய அரசின் வழங்கல் மற்றும் விற்பனைத் தலைமை இயக்ககம் இருந்தது. கொல்கத்தாவிலும் சென்னையிலும் அதற்கு அலுவலகங்கள் இருந்தன. வாங்குவதற்கென்றே தேர்வாகி வந்த இந்திய வழங்கல் பணி அதிகாரிகள் அதில் இருந்தார்கள். அரசுக் கொள்முதலுக்கான ஜெம் மின்சந்தை வந்த பிறகு 2017 அக்டோபரோடு அதை மூடினார்கள். ரயில்வேயில் ஸ்டோர்ஸ் சர்வீஸ் என்ற தனிப் பணி இருந்தது, இன்றும் அதன் அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆனால் 2019 டிசம்பரில் எட்டு ரயில்வே பணிகளை ஒன்றாக்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தபோது அதுவும் அந்த எட்டில் ஒன்றாகப் போனது. பழைய இயக்ககத்தின் மீது தாமதம், லஞ்சம் என்று எவ்வளவோ புகார்கள் இருந்தன, அவற்றை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் புகாருக்கு மருந்து சீர்திருத்தம். நாம் செய்தது, தொழில் தெரிந்தவர்களின் அமைப்பையே கலைத்தது.

ஜெம் இருக்கிறதே என்பார்கள். 2016 ஆகஸ்டில் தொடங்கிய அந்தச் சந்தையில் 2024-25 நிதியாண்டில் 5 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கொள்முதல் நடந்திருக்கிறது. நாற்காலி, கணினி, காகிதம் வாங்க மிக நல்ல ஏற்பாடு. ஆனால் எந்த நாற்காலி வேண்டும் என்று எழுதுவது மனிதர்தான். ஒரு நிறுவனத்தை மனதில் வைத்து அளவுகளை எழுதினால் மின்சந்தையும் அந்த நிறுவனத்தைத்தான் காட்டும்.

அமெரிக்காவில் ஒப்பந்த அதிகாரி என்பவர் தனித் தொழிலர். எவ்வளவு தொகை வரை அரசின் சார்பில் கையெழுத்திடலாம் என்று எழுதிய நியமனச் சான்று அவர் பெயரில் இருக்கும். அது இல்லாதவர் கையெழுத்து அரசைக் கட்டுப்படுத்தாது. பாதுகாப்புத் துறைக் கொள்முதலில் இருப்பவர்களுக்குக் கல்வியும் பயிற்சியும் கட்டாயம் என்று 1990இல் தனிச் சட்டமே போட்டு, அதற்கென்று ஒரு பல்கலைக்கழகமும் வைத்திருக்கிறார்கள். பணக்கார நாடு, நமக்கு ஒத்துவராது என்று தள்ளிவிடலாம்.

கொல்கத்தாவிலிருந்து ஒரு பகல் ரயில் பயணத் தூரத்தில் இருக்கும் டாக்காவை அப்படித் தள்ள முடியாது. அதே வங்கமொழி, அதே காலனிய நிர்வாக மரபு. வங்கதேசம் 2002இல் கொள்முதலுக்கென்று மையத் தொழில்நுட்பப் பிரிவு ஒன்றை அமைத்தது. 2006இல் நாடு முழுமைக்கும் கொள்முதல் சட்டம், 2008இல் விதிகள், 2011இல் மின்கொள்முதல். 2023இல் அந்தப் பிரிவையே ஆணையமாக உயர்த்தியது. தொடக்கத்திலிருந்தே பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மூன்று வாரப் பயிற்சி தொடர்ந்து நடத்தப்பட்டது. நம் நாடாளுமன்றத்தில் 2012 மே மாதம் வைக்கப்பட்ட பொதுக் கொள்முதல் மசோதா 2014இல் காலாவதியானது. அதன் பிறகு அப்படி ஒன்று வரவே இல்லை.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே வங்கதேசத்தில் 2019இல் ரூப்பூர் அணுமின் நிலையக் குடியிருப்புக்கு ஒரு தலையணை 5,957 டாக்கா விலையில் வாங்கியதும், அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோக ஒரு தலையணைக்கு 760 டாக்கா கூலி போட்டதும் வெளியே வந்தன. சட்டமும் பயிற்சியும் எண்ணம் கெட்டவரைத் திருத்தாது. ஆனால் என்ன செய்தார் என்பது மக்கள் முன்னால் வந்து நின்றது. தெரியாமல் செய்தேன் என்று பயிற்சி பெற்றவர் சொல்ல முடியாது. பயிற்சியின் பயன்களில் அதுவும் ஒன்று.

நம் வீட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கும்போது வெளியே அதிகம் தேடவேண்டாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் பதிவாகி, 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. மருந்து வாங்குவதில் அது செய்த காரியம் எளிமையாகத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு தீர்மானம் இருக்கிறது. தொழில்நுட்ப உறை முதலில். தேறியவர்களின் தொழிற்சாலையை நேரில் போய்ப் பார்ப்பது. பிறகுதான் விலை. சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் மாதிரி எடுத்து, யார் தயாரித்தது என்பது தெரியாதபடி மறைத்து, குறியீட்டு எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது. தேறிய சரக்கு மட்டும் மருத்துவமனைக்குப் போகும். தேறாத மருந்துக்கு அந்த நிறுவனம் கறுப்புப் பட்டியலில். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் மருந்துக் கணக்கு எழுத ஒரு பாஸ்புக். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. குறையே இல்லாத நிறுவனம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வாங்குவது என்பதை ஒரு தொழிலாக மதித்து, அதை மட்டுமே செய்யும் ஓர் இடத்தை உருவாக்கியதால்தான் இத்தனை ஆண்டுகள் நிற்கிறது.

அந்த மதிப்பு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் வங்கத்திலிருந்தே ஒரு சம்பவம். 2024 நவம்பரில் கர்நாடகத்தின் பெல்லாரியில் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பின் தாய்மார்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். மேற்கு வங்க நிறுவனம் ஒன்று தயாரித்த ரிங்கர் லாக்டேட் சலைன் மீது சந்தேகம் எழுந்தது, கர்நாடகம் அதை நிறுத்தியது. 2025 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் மிதினாப்பூர் மருத்துவக் கல்லூரியில் அறுவைப் பிரசவம் முடிந்த பெண்கள் ஆபத்தான நிலைக்குப் போய், ஒருவர் இறந்தார். அங்கே பயன்பட்டதும் அதே நிறுவனத்தின் சலைன். மாநில அரசு மருத்துவர்களின் அலட்சியம் என்று சொல்லி 12 பேரைப் பணியிடை நீக்கம் செய்தது. சாவுக்கு எது காரணம் என்பதை மருத்துவ விசாரணை சொல்லட்டும். என் கேள்வி கொள்முதல் பற்றியது. ஒரு மாநிலம் சந்தேகப்பட்டு நிறுத்திய சரக்கு இன்னொரு மாநிலத்தின் பிரசவ அறையில் எப்படி அடுத்த மாதங்களிலும் தொங்கிக்கொண்டிருந்தது? வழங்குநரின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதும் அந்தத் தகவலைக் கிடங்கு வரை, வார்டு வரை கொண்டுசேர்ப்பதும் யாருடைய வேலை என்று எழுதிவைக்கப்பட்டிருந்ததா? பயிற்சி பெற்ற கொள்முதல் அதிகாரி முதல் நாளில் கேட்கும் கேள்வி இது.

கறுப்புப் பட்டியலே ஒரு முரட்டு ஆயுதம் என்பதையும் சொல்லிக்கொடுக்கவேண்டும். படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் முன்னாள் தலைவர் மீது 2009இல் சிபிஐ லஞ்ச வழக்குப் போட்டது. அதைத் தொடர்ந்து 2012இல் ஆறு நிறுவனங்களுக்குப் பத்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. தண்டனை சரிதான். ஆனால் தடைபட்டவர்களில் பீரங்கி, வெடிமருந்துத் துறையில் உலகப் பெயர் பெற்ற நிறுவனங்களும் இருந்ததால், ராணுவத்தின் கொள்முதல் திட்டங்கள் சில பல ஆண்டுகள் பின்தங்கின. மாற்று வழங்குநர்களை முன்கூட்டியே வளர்த்துவைத்திருந்தால் அந்த இழப்பு வந்திருக்காது. அப்படி வளர்ப்பதும் இந்தத் தொழிலின் பகுதிதான்.

என்ன செய்யலாம்? சுழற்சி விதியை எடுக்கவேண்டாம், திருத்தினால் போதும். ஊரை மாற்றுங்கள், துறையை மாற்றுங்கள், தொழிலை மாற்றாதீர்கள். கொல்கத்தாவில் பாலம் வாங்கியவர் அசன்சோலில் குடிநீர்க் குழாய் வாங்கட்டும், ஆனால் வாங்குபவராகவே இருக்கட்டும். ஒவ்வொரு மாநிலமும் பொறியாளர்கள், கணக்கர்கள், மருந்தாளுநர்கள் ஆகியோரிடமிருந்து விருப்பமுள்ளவர்களை எடுத்துத் தனிக் கொள்முதல் பிரிவு ஒன்றை வளர்க்கலாம். பயிற்சி குறைந்தது மூன்று மாதமாவது இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். அதில் பாதி உண்மையான கோப்புகளின் மேல் நடக்கவேண்டும். விவேகானந்தா சாலைக் கோப்பு, மாஜெர்ஹாட் கோப்பு இரண்டையும் ரகசியம் என்று அலமாரியில் பூட்டிவைக்காமல், நீதிமன்ற நடைமுறைக்குக் குறுக்கே வராத பகுதிகளைப் பாடமாக்கலாம். டயமண்ட் ஹார்பர் சாலையிலேயே ஜோக்காவில் ஐஐஎம் இருக்கிறது, ஜாதவ்பூரில் நல்ல பொறியாளர்கள் இருக்கிறார்கள், தணிக்கைத் துறையின் பயிற்சி நிறுவனம் நகரத்திலேயே இருக்கிறது. தணிக்கைக்காரர்களும் கொள்முதல்காரர்களும் ஒரே வகுப்பில் சேர்ந்து உட்காரவேண்டும் என்பேன். தீர்மானிப்பவர் எப்படித் தீர்மானிக்கிறார் என்று தணிக்கை செய்பவருக்குத் தெரிந்தால், பாதிப் பயம் அங்கேயே குறையும். காரணம் எழுதி நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு பின்னால் தவறாகிப்போனாலும் அதிகாரியை விட்டுவிடவேண்டும், காரணமே எழுதாத முடிவு சரியாக அமைந்தாலும் கேள்வி கேட்கவேண்டும்.

இந்த விஷயத்தில் முதல் அடியைத் தமிழ்நாடு எடுத்துவைக்கலாம். ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை 1998இலேயே கொண்டுவந்த மாநிலம் நாம். எப்படி விளம்பரம் செய்வது, எத்தனை நாள் அவகாசம், யார் பரிசீலிப்பது, யார் ஏற்பது என்று அதில் எல்லாம் இருக்கிறது. பரிசீலிக்கும் குழுவில் உட்காருபவருக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும் என்பது மட்டும் இல்லை. இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம், 2000ஆம் ஆண்டு விதிகளில் ஒரு வரி சேர்த்து அரசாணை போட்டால் போதும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வரும் டெண்டரில், கொள்முதல் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்காத எவரும் பரிசீலனைக் குழுவில் இடம்பெறக்கூடாது என்பதுதான் அந்த வரி. சென்னையில் அண்ணா நிர்வாகப் பணியாளர் கல்லூரி இருக்கிறது, மருத்துவப் பணிகள் கழகத்தில் முப்பதாண்டு அனுபவம் இருக்கிறது. அந்த அரசாணையை இந்த ஆண்டே வெளியிடுமாறு தமிழ்நாடு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.